நிறுத்தச் சொன்னால் நிற்காத நிரல்: பல இழைகள் உள்ள நிரலில் சிக்னல் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் ஒரு மண்டியின் எடைப் பதிவு நிரலைப் பராமரித்து வருகிறேன். சி மொழியில் எழுதியது, லினக்ஸில் ஓடுகிறது. நான்கு மின்னணுத் தராசுகள். தராசுக்கு ஓர் இழை, அதாவது ஒரே நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து தனியாக ஓடும் ஒரு வேலைத்தடம். சீட்டு அச்சிட ஓர் இழை, தரவுத்தளத்தில் கணக்கு எழுத ஓர் இழை, இவற்றைத் தொடங்கிவிட்டுக் காத்திருக்கும் முதன்மை இழை. ஆக ஏழு இழைகள். மல்லிகையும் பிச்சியும் விடியும் முன்பே வந்து இறங்கிவிடும். நேரம் ஆக ஆகப் பூ வாடும், எடை குறையும். அதனால் தட்டில் வைத்த அந்த நிமிடத்தின் எடைதான் விவசாயிக்குச் சேர வேண்டிய பணம். ஓர் எடை விடுபட்டால், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்தவரின் உழைப்பு விடுபடுகிறது. ஓடும் நிரலுக்கு இயக்குதளம் தரும் ‘நில்’ போன்ற அறிவிப்புதான் சிக்னல். அந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

கீழே உள்ள அறிகுறிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிரலிலேயே எனக்கு வந்தவை. உங்களுடையது வங்கிக் கணக்கு நிரலாக இருந்தாலும், பஸ் டிக்கெட் நிரலாக இருந்தாலும் காரணங்கள் மாறாது.

முதலில் ஓர் அடிப்படை. இது பிடிபடாமல் அறிகுறிகளுக்குள் போனால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வீர்கள். ஒரு சிக்னல் வந்தால் என்ன செய்வது என்ற ஏற்பாடு, அதாவது கையாளி, நிரல் முழுவதற்கும் ஒன்றுதான். ஏதோ ஓர் இழை அதை மாற்றினால் எல்லா இழைகளுக்கும் மாறிவிடும். ஆனால் எந்தெந்த சிக்னல்களை இப்போது வாங்க மாட்டேன் என்ற தடைப்பட்டியல் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி. ஏற்பாடு பொது, தடை தனி. இந்த ஏற்றத்தாழ்வுதான் பாதிப் பிழைகளுக்குத் தாய்.

அடுத்தது முகவரி. கில் அழைப்பில் அனுப்பும் சிக்னல், வீட்டு முகவரிக்கு வரும் சாதாரணக் கடிதம் போன்றது. தடை போடாத இழைகளில் யார் கையிலும், இயக்குதளத்தின் மையமான கெர்னல் கொடுத்துவிடலாம்; யாரிடம் என்று தரவிதி உறுதி சொல்வதில்லை. டிஜிகில், பிதிரெட் கில் ஆகியவற்றில் அனுப்புவது பெயரிட்டு வரும் பதிவுத் தபால். அந்த இழைக்கு மட்டுமே. பூஜ்யத்தால் வகுத்தல், தவறான நினைவக முகவரியைத் தொடுதல் போன்றவற்றால் எழும் சிக்னல்கள் தவறு செய்த இழையிடமே போகும்.

பட்டுவாடா நடக்கும் தருணமும் முக்கியம். சிக்னல் வந்ததும் கெர்னல் அதை நிலுவையில் குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த இழை கெர்னலுக்குள்ளிருந்து தன் நிரலுக்குத் திரும்பும் வாசலில்தான் சிக்னல் கையில் கொடுக்கப்படுகிறது. இழை தூக்கத்தில் இருந்தால், எழுப்பத்தக்க தூக்கமாக இருந்தால், எழுப்பிவிடும். வேறொரு செயலிக் கருவில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கருவுக்கு ஒரு குறுக்கீடு அனுப்பி வாசலுக்கு வரவழைக்கும்.

அறிகுறி: நிறுத்தச் சொல்கிறேன், நிற்கவில்லை

முடித்துக்கொள் என்று கேட்கும் சிக்டெர்ம் சிக்னலை அனுப்புகிறீர்கள், நிரல் அசையவில்லை. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வழியாக ஓடினால் இயல்பாக 90 வினாடி பொறுத்துவிட்டு, தடுக்க முடியாத சிக்கில் அனுப்பிக் கொன்றுவிடும். நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனிச் சூழலில் ஓட்டும் டாக்கர் 10 வினாடிதான் பொறுக்கும். கொல்லப்பட்ட நிரல் கையிலிருந்த கணக்கை எழுதி முடிக்காது. மண்டி உரிமையாளர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “தம்பி, கடை அடைக்கும்போது கடைசி நாலு சீட்டு கணக்கில் ஏறவே இல்லை.”

ஊகிக்க வேண்டாம், கெர்னலிடமே கேளுங்கள். பிராக் கோப்பகத்தில் உங்கள் நிரலின் எண், அதற்குள் டாஸ்க், அதற்குள் ஒவ்வோர் இழையின் எண், அதற்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பு. அதில் சிக்க்யூ என்ற வரிக்குக் கீழே ஐந்து வரிகள் இந்த வரிசையில் இருக்கும்: அந்த இழைக்கு மட்டுமான நிலுவை, நிரல் முழுவதற்கும் பொதுவான நிலுவை, தடை, புறக்கணிப்பு, கையாளி வைத்திருப்பவை. ஒவ்வொன்றும் 16 இலக்கம் கொண்ட பதினாறடிமான எண்.

படிக்கும் முறை எளிது. வலது கடைசியிலிருந்து எண்ணுங்கள். முதல் இலக்கம் 1 முதல் 4 வரையுள்ள சிக்னல்களுக்கு, இரண்டாவது 5 முதல் 8, மூன்றாவது 9 முதல் 12, நான்காவது 13 முதல் 16. ஒவ்வொரு நான்கிலும் மதிப்புகள் முறையே 1, 2, 4, 8. எனக்கு அன்று வந்தது இது:

0000000000004000

வலமிருந்து நான்காவது இலக்கம் 4. அந்தக் கூட்டத்தில் 13க்கு 1, 14க்கு 2, 15க்கு 4. ஆகவே 15, அதாவது சிக்டெர்ம். இந்த எண் பொது நிலுவை வரியிலும் இருந்தது. ஏழு இழைகளின் தடை வரியிலும் இருந்தது. கடிதம் வாசலில் கிடக்கிறது, வீட்டில் எல்லோரும் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

எப்படிச் சாத்தினார்கள்? புதிய இழை பிறக்கும்போது, தன்னைப் பெற்ற இழையின் தடைப்பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் ஏதோ ஒரு நுட்பமான பகுதிக்காக முதன்மை இழையில் சிக்டெர்மைத் தடுத்தேன். தடையை நீக்கும் முன்பே ஆறு இழைகளையும் பெற்றுவிட்டேன். பிறகு தடையை நீக்கும் வரி, ஒரு பிழைவழியில் தாண்டப்பட்டுவிட்டது. ஏழு பேருக்கும் தடை.

தடை வரியில் இல்லாமல் புறக்கணிப்பு வரியில் இருந்தால், உங்களைத் தொடங்கிய நிரலைச் சந்தேகியுங்கள். புதிய நிரலை ஏற்றும் எக்செக், கையாளிகளை அழித்துவிடும். ஆனால் புறக்கணிப்பையும் தடையையும் அப்படியே விட்டுவைக்கும்.

நிலுவை, தடை, புறக்கணிப்பு எதிலும் இல்லை, நிரல் கன்டெய்னருக்குள் ஓடுகிறது என்றால் அதன் எண் 1ஆ என்று பாருங்கள். ஒரு கன்டெய்னரின் முதல் செயல்முறைக்கு, கையாளி வைக்காத சிக்டெர்ம் வந்தால் கெர்னல் அதை வீசிவிடும். அல்லது 1ஆக இருப்பது ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக இருக்கும். உங்கள் நிரல் அதன் குழந்தையாக ஓடும். ஷெல் சிக்னலைக் கடத்திக் கொடுப்பதில்லை. ஸ்கிரிப்டின் கடைசி வரியில் நிரலின் பெயருக்கு முன்னால் எக்செக் சேர்த்தால், ஷெல்லின் இடத்தில் உங்கள் நிரலே உட்காரும். பிறகு சிக்டெர்முக்குக் கையாளி இருந்தாலே போதும்.

சிக்கில் அனுப்பியும் போகவில்லையா? ஸ்டேட்டஸ் கோப்பில் நிலை டி என்று இருக்கும். வட்டிலிருந்தோ வலையமைப்புக் கோப்பகத்திலிருந்தோ பதில் வரும்வரை எழுப்ப முடியாத தூக்கம் அது. சிக்னலில் தீர்வு தேடாதீர்கள். அந்தச் சாதனத்தைப் பாருங்கள்.

அறிகுறி: கணக்கு முடிக்கும் வேலை இரண்டு முறை நடக்கிறது

இது வாரக்கணக்கில் என்னைத் தூங்க விடவில்லை. சிக்டெர்ம் கையாளிக்குள் அன்றைய மொத்தத்தைக் கூட்டி எழுதும் வேலையை வைத்திருந்தேன். அப்படி வைத்ததே தவறு, அது அடுத்த அறிகுறியில் வரும். சில நாட்களில் மொத்தம் இரண்டு முறை எழுதப்பட்டது. சோதனையில் ஒரு முறைகூட வரவில்லை.

கையாளி ஓடும்போது அதே சிக்னல் தானாகத் தடைபடும் என்று எல்லோரும் படித்திருப்போம். உண்மைதான்; ஆனால் தடை ஓடிக்கொண்டிருக்கும் அந்த இழைக்கு மட்டும். இரண்டாவது சிக்டெர்ம் வந்தால், தடையில்லாத இன்னோர் இழையில் அதே கையாளி அதே நேரத்தில் ஓடத் தொடங்கும்.

சோதனையில் ஏன் வரவில்லை? லினக்ஸ் கெர்னல் பொதுச் சிக்னலை முதலில் முதன்மை இழையிடம்தான் கொடுத்துப் பார்க்கும். அந்த இழை தடுத்திருந்தாலோ, ஏற்கெனவே வேறொரு சிக்னல் கைக்கு வராமல் காத்திருக்க அந்த இழை ஓடாமல் இருந்தாலோ, மற்ற இழைகளைச் சுற்றிவந்து தேடும். என் மேசையில் நான் ஒரு முறைதான் அனுப்புவேன். எப்போதும் முதன்மை இழையே வாங்கிக்கொள்ளும். மண்டியில் அப்படியில்லை. நிறுத்து பொத்தானை அழுத்தி, இரண்டு வினாடியில் நிற்கவில்லை என்று மறுபடியும் அழுத்துகிறார்கள். கூட்டம் நெரிக்கும் நேரத்தில் யாரும் அப்படித்தான் செய்வார்கள். அவர்கள்மேல் பிழையில்லை. சோதிக்கும்போது சிக்னலை எப்போதும் அடுத்தடுத்து அனுப்பிச் சோதியுங்கள்.

அறிகுறி: எப்போதாவது உறைந்துவிடுகிறது, செயலி வேலை பூஜ்யம்

பிழைதேடும் கருவியான ஜிடிபியை ஓடும் நிரலில் ஒட்டி, எல்லா இழைகளின் அழைப்பு அடுக்கையும் எடுங்கள். ஓர் இழையில் கீழிருந்து மேலாக இப்படித் தெரிந்தால் கதை முடிந்தது: தராசைப் படிக்கும் உங்கள் செயற்கூறு, அதற்கு மேல் நினைவகம் ஒதுக்கும் மாலக், அதற்கு மேல் சிக்னல் கையாளி அழைக்கப்பட்டது என்ற வரி, அதற்கு மேல் உங்கள் கையாளி, அதற்கு மேல் பிரின்ட்எஃப், அதற்குள் மறுபடியும் மாலக், உச்சியில் பூட்டுக்குக் காத்திருத்தல்.

மாலக் தன் பூட்டைப் பிடித்திருந்த நடுவில் சிக்னல் வந்தது. கையாளி அதே இழையின் முதுகில் ஏறி ஓடுகிறது. அது அதே பூட்டைக் கேட்கிறது. பூட்டை வைத்திருப்பவரோ அடியில் கிடக்கிறார். கையாளி முடியாமல் அவர் எழ முடியாது. தன் கதவைத் தானே வெளியிலிருந்து தாழிட்ட நிலை. அதே பூட்டு தேவைப்படும் மற்ற இழைகளும் ஒவ்வொன்றாக வந்து அதே வாசலில் நிற்கும்.

கையாளிக்குள் செய்யத் தகுந்தவை மிகக் குறைவு: ரைட் அழைப்பு, செமபோஸ்ட், அண்டர்ஸ்கோர் எக்சிட், இன்னும் ஒரு சிறு பட்டியல். பிரின்ட்எஃப், மாலக், ஃப்ரீ, பிதிரெட் பூட்டுகள் எதுவும் அதில் இல்லை. ஒரு வரி பதிவு எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். ஆயிரம் முறை ஒன்றும் ஆகாது என்பதுதான் இதன் கொடுமை. ஆயிரத்தோராவது முறை மார்கழி கழிந்து தை பிறந்த முதல் முகூர்த்தச் சந்தையன்று வரும்.

அறிகுறி: தராசிலிருந்து பாதி எடை வருகிறது

12.450 என்று வரவேண்டிய இடத்தில் 12.4 வந்து நின்றது. தராசின் கம்பியை இரண்டு முறை மாற்றினோம். கம்பியில் குறையில்லை.

தராசு இழை ரீட் அழைப்பில் தூங்குகிறது. இத்தனை எழுத்துகள் வந்த பிறகே திரும்பு என்று தொடர்முனையில் அமைத்திருக்கிறோம். நான்கு எழுத்துகள் வந்துவிட்டன. அந்த நொடியில், மொத்த நிரலுக்கு வந்த ஒரு சிக்ஹப் இந்த இழையின் தலையில் விழுகிறது. ஒன்றுமே வராமல் இருந்திருந்தால் ரீட், சிக்னல் குறுக்கிட்டது என்று சொல்லும் ஈஇன்டர் என்ற பிழை எண்ணோடு திரும்பும். எஸ்ஏ ரீஸ்டார்ட் என்ற கொடியோடு கையாளியை அமைத்திருந்தால் தானாகவே மறுபடி தொடங்கும். ஆனால் ஏற்கெனவே நான்கு எழுத்து கைக்கு வந்துவிட்டதால் அது பிழையல்ல, வெற்றி. நான்கு என்ற எண்ணிக்கையோடு திரும்புகிறது. ரீஸ்டார்ட் கொடி இங்கே உதவாது. திரும்பிய எண்ணிக்கையை நான் பார்க்கவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

ரீட் எப்போதும் குறைவாகத் தரலாம் என்று எண்ணியே சுற்று எழுதுங்கள். வரி முடிவு வரும்வரை சேர்த்துக்கொண்டே போங்கள். காத்திருக்கும் அழைப்புகளான போல், செலக்ட், ஈபோல் வெயிட், நானோஸ்லீப் ஆகியவை ரீஸ்டார்ட் கொடி இருந்தாலும் தானாகத் தொடங்குவதில்லை. அவற்றுக்கு ஈஇன்டரை நீங்களே கவனிக்க வேண்டும். பைதான் 3.5 முதல் அந்த மொழியே இதைக் கவனித்துக்கொள்கிறது. கோ மொழியில் 1.14 முதல் இயக்கநேரமே தன் இழைகளுக்கு சிக்அர்ஜ் அனுப்பி இடைமறிக்கிறது. நிரலின் கெர்னல் அழைப்புகளையும் சிக்னல்களையும் காட்டும் ஸ்ட்ரேஸில் அது மழையாகப் பெய்தால் பதற வேண்டாம்.

அறிகுறி: தடயமே இல்லாமல் நின்றுவிடுகிறது

வெளியேறும் எண்ணைப் பாருங்கள். ஷெல்லில் 128ஐக் கழித்தால் சிக்னல் எண் கிடைக்கும். 143 சிக்டெர்ம். 137 சிக்கில், யாரும் அனுப்பவில்லை என்றால் நினைவகம் தீர்ந்து கெர்னலே கொன்றிருக்கும், கெர்னல் பதிவில் அது எழுதியிருக்கும். 139 நினைவகத் தவறு. 141 என்றால் சிக்பைப்: மறுமுனை மூடிய இணைப்பில் எழுதியிருக்கிறீர்கள். தரவுத்தள இணைப்பு அறுந்தபோது எனக்கு வந்தது இதுவே. சிக்பைப்பைத் தொடக்கத்திலேயே புறக்கணித்துவிட்டு, எழுதும் இடத்தில் வரும் பிழை எண்ணைக் கவனியுங்கள்.

139க்குக் கையாளி வைத்தும் ஓடவில்லை என்றால், அடுக்கு நிரம்பியதா என்று பாருங்கள். நிரம்பிய அடுக்கில் கையாளி ஓட இடமில்லை. மாற்று அடுக்கு வைக்கும் சிக்ஆல்ட்ஸ்டாக் இழைக்கு இழை தனி. முதன்மை இழையில் வைத்தது மற்றவர்களுக்கு உதவாது.

அறிகுறி: பத்து அனுப்பினேன், மூன்றுதான் வந்தது

1 முதல் 31 வரையுள்ள சிக்னல்களுக்கு வரிசை கிடையாது. நிலுவை ஒரு பிட் மட்டுமே. ஏற்கெனவே ஒன்றாக இருந்தால் மறுபடி ஒன்றாக்குவதில் பொருளில்லை. எண்ணிக்கைக்காக சிக்னலை நம்பாதீர்கள். குழந்தைச் செயல்முறை முடிந்ததைச் சொல்லும் சிக்சைல்ட் ஒன்று வந்தால், முடிந்தவர் ஒருவர் என்று எண்ணாமல், இனி யாரும் இல்லை என்று சொல்லும்வரை வெயிட்பிட்டைச் சுற்றில் அழையுங்கள். வரிசை கட்டாயம் வேண்டுமென்றால் நிகழ்நேர சிக்னல்கள் உண்டு. எண்ணை நேரடியாக எழுதாமல் சிக்ஆர்டிமின் என்பதிலிருந்து கூட்டி எடுங்கள், ஏனெனில் 32, 33 இரண்டையும் சி நூலகமான ஜிலிப்சி தன் இழை வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறது.

மருந்து, அதைத் தொடர்ந்து வரும் ஓர் அறிகுறி

மேலே உள்ளவற்றில் பலவற்றுக்கு ஒரே மாற்றம் போதும்: எந்த இழை வாங்க வேண்டும் என்பதைக் கெர்னலின் தேர்வுக்கு விடாமல் நீங்களே முடிவு செய்யுங்கள். முதன்மை இழையில், எந்த இழையும் பிறக்கும் முன், சிக்ஹப், சிக்இன்ட், சிக்டெர்ம் மூன்றையும் பிதிரெட் சிக்மாஸ்க் கொண்டு தடுங்கள். பிறகு பிறக்கும் எல்லோரும் அந்தத் தடையோடு பிறப்பார்கள். சிக்னலுக்கென்றே ஓர் இழையை வையுங்கள். அது சிக்வெயிட்டில் உட்கார்ந்திருக்கட்டும். சிக்வெயிட், தடுக்கப்பட்ட சிக்னலை நிலுவையிலிருந்து எடுத்துச் சாதாரணத் திரும்பு மதிப்பாகத் தருகிறது. கையாளியே இல்லை, ஆகவே பிரின்ட்எஃப், மாலக், பூட்டு எதையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். இரண்டாவது சிக்டெர்ம் வந்தாலும் வாங்குபவர் ஒருவரே.

மற்ற இழைகளுக்குச் செய்தி சொல்ல ஈவென்ட்எஃப்டி என்ற அறிவிப்புக் குழாய் ஒன்றைத் திறந்து, தராசின் தொடர்முனையோடு சேர்த்துப் போலில் கவனிக்கச் சொல்லுங்கள். சிக்னல் இழை அதில் ஒரு முறை எழுதினால் போதும். யாரும் அதைப் படித்து எடுக்காதவரை அது தயார் நிலையிலேயே நிற்கும். நான்கு தராசு இழைகளும் விழித்து, கையிலுள்ள எடையை முடித்துக்கொடுத்துவிட்டு வெளியேறும்.

சிக்வெயிட் திரும்பவே இல்லை, ஆனால் நிரல் செத்துவிடுகிறது என்றால், யாரோ ஒருவர் தடையில்லாமல் பிறந்திருக்கிறார். பெரும்பாலும் மெயின் தொடங்கும் முன்பே இழை பெறும் ஏதோ ஒரு நூலகம். டாஸ்க் கோப்பகத்தில், சிக்வெயிட்டில் இருக்கும் இழையைத் தவிர்த்து, எல்லா இழைகளின் தடை வரியையும் ஒப்பிட்டால் அந்த ஒருவர் தனியாகத் தெரிவார்.

இந்த மருந்துக்குப் பிறகு எனக்கு வந்த புதிய அறிகுறி: அச்சுப்பொறியில் காகிதம் தீர்ந்து தொங்கும் அச்சுக் கட்டளையை சிக்டெர்ம் அனுப்பி நிறுத்த முடியவில்லை. அச்சு இழைதான் அந்தக் கட்டளையைப் பிறப்பிக்கிறது. இழையின் தடை, குழந்தையைப் பிறப்பிக்கும் ஃபோர்க்கிலும் அதில் புதிய நிரலை ஏற்றும் எக்செக்கிலும் தொடர்ந்து போய்க் குழந்தையிடம் சேர்ந்துவிட்டது. ஃபோர்க்குக்கும் எக்செக்குக்கும் நடுவே குழந்தையில் தடைப்பட்டியலைக் காலி செய்து, சிக்பைப்பை இயல்புநிலைக்குக் கொண்டுவாருங்கள். பாசிக்ஸ் ஸ்பானில் இவ்விரண்டுக்கும் கொடிகள் இருக்கின்றன.

சரிபார்ப்பு: நிரல் ஓடும்போது சிக்னல் இழை தவிர்த்த ஏழு இழைகளின் தடை வரியும் 4003 என்று முடிய வேண்டும், வலது கடைசி 3 என்பது 1ம் 2ம், நான்காவது இலக்கமான 4 என்பது 15. சிக்வெயிட்டில் தூங்கும் இழைக்கு மட்டும், அது காத்திருக்கும் சிக்னல்களின் தடையைக் கெர்னல் அப்போதைக்கு எடுத்துவிடுவதால், அவை தடை வரியில் தெரியாது. புறக்கணிப்பு வரியின் நான்காவது இலக்கத்தில் 1 இருக்க வேண்டும். அது 13, சிக்பைப். அச்சுக் கட்டளையின் ஸ்டேட்டஸில் தடை வரி முழுவதும் பூஜ்யம். பிறகு நான்கு தராசிலும் எடைக்கல்லை வைத்து எடுத்துக்கொண்டே சிக்டெர்மை அடுத்தடுத்து இரண்டு முறை அனுப்பி, அச்சான சீட்டுகளையும் தரவுத்தளத்தில் ஏறிய வரிகளையும் ஒன்றுக்கொன்று எண்ணிப் பாருங்கள்.